குதிரையை வாரத்துக்கு விட்ட கதை

எங்கள் பக்கத்தில் மாட்டை வாரத்துக்கு விடுவது சாதாரணம். மாடு ஒருவருடையது. மேய்ப்பதும் தீனி போடுவதும் இன்னொருவர். ஒரு ஈற்று வளர்த்தவருக்கு, அடுத்த ஈற்று உடையவருக்கு என்று ஊருக்கு ஊர் ஒரு கணக்கு. எழுத்து, சாட்சி எதுவும் கிடையாது, டீக்கடை பெஞ்சிலேயே பேசி முடித்துவிடுவார்கள். பாலும் கன்றும் இரண்டு பேருக்குமே வேண்டும் என்பதால் மாடு பட்டினி கிடக்காது.

2022 மார்ச்சில் என் குதிரையையும் அப்படித்தான் ஒருவரிடம் விட்டேன். குதிரையில் பங்கு போடுவதற்குச் செலவு மட்டும்தான் இருக்கிறது என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் பவானி. 2017 ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் வாங்கினேன். மார்வாரிக் கலப்பு, செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். தரகர் வாயைப் பிளந்து பல்லைக் காட்டி நாலு வயசு என்றார். எனக்கு வேலூரில் ஹார்டுவேர் கடை. விரிஞ்சிபுரத்தில் பாலாற்றங்கரையை ஒட்டி அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது, லாயம் அங்கேதான். மகளும் நானும் மாறி மாறி விடியற்காலையில் ஆற்று மணலில் ஓட்டுவோம். விரிஞ்சிபுரம் மதிலழகு என்று சொல்வார்கள் இல்லையா, அந்த மதில் குதிரை மேலிருந்து பார்த்தால்தான் முழு அழகு என்பது என் கட்சி.

2021-இல் மகள் படிப்புக்குக் கோயம்புத்தூர் போனாள். அந்த நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து, தோப்பில் முழங்கால் அளவு தண்ணீர் ஏற ஏற, இருட்டில் பவானியைக் கயிறு பிடித்து மேட்டுக்கு இழுத்துப் போனது நான் ஒருவன்தான். மறு மாதமே என் வலது முழங்காலில் சவ்வு கிழிந்தது. குதிரையால் இல்லை, கடையில் சிமெண்ட் மூட்டை நகர்த்தியதால். இனிமேல் ஏறவே கூடாது என்றார் டாக்டர்.

ஓடாத குதிரை சும்மா நிற்காது. ஒரே மாதத்தில் பவானி வயிறு தொங்கிவிட்டாள். லாயத்துப் பலகையை உதைத்து உடைத்தாள். அப்புறம் ஒரு பழக்கம் வந்தது: வாசலில் நின்றுகொண்டு தலையை இடமும் வலமும், இடமும் வலமும், கடிகாரப் பெண்டுலம் மாதிரி மணிக்கணக்கில் ஆட்டுவது. பார்க்கிறவர்கள் "பாட்டு கேக்குது போல" என்று சிரித்தார்கள். அடைத்து வைத்த குதிரைக்கு வருகிற வியாதி அது. தீனி, புல், லாடம், வேலையாள் என்று மாதம் 12,000 போய்க்கொண்டிருந்தது. வீட்டில் விற்கச் சொன்னார்கள். மகள் போனில் அழுதாள். ஆகவே, பங்குக்கு ஆள் தேடுவது என்று முடிவானது.

இதில் இரண்டு வகை. ஒன்று பங்கு: குதிரை நம் லாயத்திலேயே இருக்கும், இன்னொருவர் வாரத்தில் குறிப்பிட்ட நாள் வந்து ஓட்டுவார், வேலை செய்வார், செலவில் ஒரு பகுதி தருவார். இன்னொன்று இரவல்: குதிரையே அவர் இடத்துக்குப் போய்விடும், சொந்தம் மட்டும் நம்முடையது. முதல் வகையில் நமக்கு வேலை குறையாது, ஆனால் குதிரை கண்ணெதிரே இருக்கும். இரண்டாவதில் நமக்கு ஓய்வு, அது எங்கே எப்படி நிற்கிறது என்பது மட்டும் தெரியாது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு முதல் வகைதான் என்று இன்று அடித்துச் சொல்வேன். அன்றைக்கு எனக்கு முழங்கால் வலி. இரண்டாவதுதான் இனித்தது.

கடையில் ஒரு அட்டை எழுதி மாட்டினேன். தவிட்டுக் கடையில் சொல்லி வைத்தேன். முதல் போன் கல்யாண ஊர்வலக்காரரிடமிருந்து.

"சார், குதிர வுடுறீங்களாமே? மாப்ள அழைப்புக்கு. ஒரு நைட்டுக்கு இன்னா கேக்குறீங்க?"

"வாடகைக்கு இல்லைங்க. அதுவும் இது செவலை."

"அதுக்கின்னா சார், மேல வெல்வெட்டு போத்தி ஜிகினா கட்டிட்டா யாரு பாக்கப் போறா?"

குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும். தெரியாத இடம் நேர் பின்புறமும் மூக்குக்கு நேர் முன்னாலும்தான். சரவெடியைக் கொளுத்துவது பின்னால், மாலையும் கையுமாக மைத்துனன் வந்து நிற்பது முன்னால். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

அடுத்தது காட்பாடிப் பக்கம் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன். பணிவானவன், "அண்ணா, அண்ணா" என்று வாய் ஓயாமல் கூப்பிடுவான். நம்மூரில் குதிரையில் ஏறும் எவனுக்கும் முதல் பத்து நிமிடம் தான் தேசிங்கு ராஜா என்றுதான் நினைப்பு. ஆற்காட்டு நவாபோடு நடந்த போர் முடிந்து 300 வருஷம் தாண்டியும், அவர் மனைவியின் நினைவாகப் பெயர் வைத்த ராணிப்பேட்டை பக்கத்திலேயே இருப்பதால் அந்த நினைப்பு லேசில் இறங்காது. பையன் மூன்று ஞாயிறு வந்தான், நாலாவது ஞாயிறு செமஸ்டர் என்றான், பிறகு வரவில்லை. அவன் மேல் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு வேண்டியது குதிரை மேல் நல்லதாக ஒரு போட்டோ, அது மூன்று ஞாயிற்றில் கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்று மனதில் தங்கியது. இறங்கியதும் கடிவாள வாரை என் கையில் கொடுத்துவிட்டு நேராகப் போனை எடுத்துப் பார்ப்பான். பவானி வியர்த்து நிற்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர் ஆற்காட்டைத் தாண்டி ஒரு தோட்டக்காரர். ஐந்து ஏக்கர், போர்வெல், பத்து மாடு, வெள்ளை அடித்த கொட்டகை. மாடுகள் ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி மின்னின. பதினைந்து வயசு மகனுக்குக் குதிரை ஆசை. எல்லாம் பார்த்தேன், டீ குடித்தேன், கை குலுக்கினேன். ஒரு 407 வண்டி பிடித்து, அடியில் மணலும் வைக்கோலும் பரப்பி, பவானியை ஏற்றி அனுப்பிவிட்டேன். முதல் இரண்டு வாரத்தில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அப்புறம் கடையில் வருஷக் கணக்கு முடிக்கிற வேலை, முழங்கால், வெயில். ஆறு வாரம் போகவில்லை. போனில் கேட்டால் "சூப்பரா கீது சார்" என்பார். பொய்யும் இல்லை. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

மே மாதம், கத்திரி வெயில் நேரம், ராத்திரி ஒன்பது மணிக்கு போன்.

"சார், குதிர படுக்குது, எழுந்துக்குது, படுக்குது, எழுந்துக்குது. இன்னான்னு தெர்ல."

நான் போய்ச் சேர்ந்தபோது பவானி உடம்பெல்லாம் நனைந்து நின்றாள். முன்காலால் தரையைப் பறிப்பாள், திரும்பித் தன் வயிற்றைப் பார்ப்பாள், மடங்கிப் படுத்துப் புரளுவாள். மதியத்திலிருந்து லத்தி போடவில்லை என்றார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் மூங்கில் குழாயில் மோரும் ஓமமும் கரைத்துத் தயாராக வைத்திருந்தார். மாட்டுக்கு முப்பது வருஷமாக ஊற்றிப் பழகிய கை. நான் குறுக்கே நின்று தடுத்தேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, இரைப்பையின் வாய் ஒருவழிக் கதவு மாதிரி. அதனால்தான் வயிற்று வலி குதிரைக்கு உயிர் போகிற விஷயம். தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் எதையாவது ஊற்றினால் அது நுரையீரலுக்குள்ளும் போய்விடலாம். டாக்டர் வருகிற வரை தீனியை எடுத்துவிட்டு, புரள விடாமல் மெதுவாக நடத்திக்கொண்டிருந்தோம்.

டாக்டர் பத்தே முக்காலுக்கு வந்தார். வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, வயிற்றின் அடியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். "கடல் அலை மாதிரி சத்தம் வருது, கேக்கறீங்களா?" என்று என் காதிலும் மாட்டினார். உண்மையிலேயே கரையில் மணல் உருளும் சத்தம்.

விடிந்ததும் லத்தி விழுந்தது. டாக்டர் சொன்னபடி இரண்டு கைப்பிடி லத்தியை ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் விட்டுக் கரைத்து வைத்தேன். நார் மேலே மிதந்தது. கால் மணி நேரம் கழித்து மெதுவாக மேல்தண்ணீரைச் சாய்த்தேன். பக்கெட்டின் அடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஆற்று மணல். சலித்துக் கொடுத்தால் பூச்சு வேலைக்கு ஆகும், அத்தனை நயம்.

காரணம் சின்னது. மாட்டுக்குப் போடுகிற மாதிரியே கொள்ளையும் தவிட்டையும் தரையில் கொட்டியிருக்கிறார்கள், அந்த இடம் மணல் தரை. குதிரை உதட்டால் ஒவ்வொரு கொள்ளாகப் பொறுக்கும், கொள்ளோடு மணலும் போகும். ஆறு வாரம் போயிருக்கிறது. தீனித் தொட்டி ஒன்று, கீழே ஒரு ரப்பர் பாய், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இப்போது எங்கள் லாயத்தில் மாதம் ஒருமுறை இந்தப் பக்கெட் சோதனை நடக்கிறது. மணல் தெரிந்தால் டாக்டரிடம் அளவு கேட்டு இசப்கோல் கொடுக்கிறோம்.

கொட்டகையில் மாட்டுத் தீவன மூட்டை ஒன்று பிரித்துக் கிடந்தது. "விலை ஒசந்த தீவனம் சார், இதுக்கும் போடுறேன்" என்றார் பெருமையாக. டாக்டர் மூட்டையைத் திருப்பி அச்சடித்ததைப் படித்தார். சில மாட்டுத் தீவனத்திலும் கோழித் தீவனத்திலும் மோனென்சின் என்று ஒரு மருந்து கலப்பார்கள். மாட்டுக்கு நல்லது, குதிரைக்குக் கொஞ்சம் போனாலும் இதயத்தைத் தின்றுவிடும். அந்த மூட்டையில் அது இல்லை. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வண்டி வருவதற்காகக் காத்திருந்தபோது பிடரியைத் தடவிக்கொண்டிருந்தேன். விரலில் ஏதோ பளபளத்தது. ஜிகினாத் தூள். முன்னங்காலுக்குப் பின்னால், வயிற்றுப்பட்டை இறுக்குகிற இடத்தில், தோல் உரிந்து காய்ந்திருந்தது. அவரைப் பார்த்தேன்.

"சொந்தக்காரங்க வூட்டுக் கல்யாணம் சார். நெஜமா, ஒத்த ரூவா வாங்கல."

நான் என்ன சொல்ல முடியும்? ஊர்வலத்துக்கு விடக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. போனில் அந்த ஊர்வலக்காரரிடம் சொன்னேன், இவரிடம் சொல்லவில்லை. நல்ல மாட்டுக்காரர் நல்ல குதிரைக்காரராகத்தான் இருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மாட்டின் பளபளப்பைப் பார்த்தவன், குதிரை தின்னப் போகும் தரையைப் பார்க்கவில்லை. அவரிடம் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் பவானியை ஏற்றிக்கொண்டு வந்தேன். மகனுக்குத்தான் பாவம், வண்டி கிளம்பியதும் கொட்டகைக்குள் போய்விட்டான்.

திரும்பி வந்ததும் ஒரு வக்கீல் நண்பரிடம் புலம்பினேன். சிரித்துவிட்டு, 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்திலேயே இதெல்லாம் இருக்கிறது என்றார். ஒருவர் பொருளை இன்னொருவர் வசம் ஒரு காரியத்துக்காக ஒப்படைத்து, முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்றால் அதற்கென்றே தனி அத்தியாயம் உண்டாம். அதில் 163-ஆம் பிரிவில் உதாரணமே மாடுதான்: ஒருவர் பசுவை இன்னொருவர் பொறுப்பில் விடுகிறார், பசு கன்று ஈனுகிறது, வேறு விதமாகப் பேசிக்கொள்ளவில்லை என்றால் பசுவோடு கன்றையும் திருப்பித் தர வேண்டும். நம்ம வாரக் கணக்கு 'வேறு விதமாகப் பேசிக்கொண்டது' என்ற வகையில் வருகிறது. பெண் குதிரையை இரவல் விடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். சினை 11 மாசம். குட்டி யாருக்கு என்பது இருக்கட்டும், சினைக்கே விடலாமா என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். நான் 'கூடாது' என்று எழுதினேன்.

அதன் பிறகு ஒரு வருஷம் யாரையும் தேடவில்லை. வேலையாளை வைத்துக் கயிறு கட்டி வட்டமாக ஓடவிட்டுக் காலம் தள்ளினேன். அந்த வருஷத்தில் செய்த உருப்படியான ஒரே காரியம், பவானியின் எடையைக் கணக்குப் போட்டதுதான். எடை மேடைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு அளவு, தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு வரை நீளம் ஒரு அளவு. தையல் டேப் 150 சென்டிமீட்டரோடு முடிந்துவிடும், எட்டாது. கயிறு வைத்து அளந்து, பிறகு கயிற்றை அளக்க வேண்டும். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வரும். பவானிக்குச் சுற்றளவு 165, நீளம் 155. வந்தது 355 கிலோ. ஏறுகிறவரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக எல்லோரும் வைத்திருக்கும் வரம்பு. 71 கிலோ. சேணத்துக்கு 8 போனால் 63. என் எடை 84. பங்காளி தேடப் போட்ட கணக்கில் முதலில் கழிந்தவன் நான்தான். ஆக நாலு வருஷத்துக்கு மேலாக அவள் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

2023-இல் லாடம் அடிக்கும் பாய்தான் வழி காட்டினார். வாணியம்பாடிக்காரர், தாத்தா காலத்தில் ஜட்கா வண்டி ஓட்டிய குடும்பம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். (மாட்டுக்கு லாடம் அடிப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்கு மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துத்தான் பழக்கம். குதிரைக்கு நிற்க வைத்துத்தான் அடிக்க வேண்டும், அதனால் தூரமானாலும் பாய்தான்.) குளம்பை மடியில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"மேடம் ஒர்த்தங்க கீறாங்க சார், வேலூர்ல பேங்க்ல வேல. நம்ம வேற எடத்துக்கு லாடம் அடிக்கப் போனப்ப பாத்தேன். குதிரகிட்ட வந்தா மொதல்ல கால தூக்கிப் பாக்குறாங்க. மத்தவங்கல்லாம் மூஞ்சத் தடவுவாங்க."

அந்த மேடம் ஸ்கூட்டரில் வந்தார். தர்மபுரிப் பக்கம், மாற்றலாகி வேலூர் வந்தவர். கல்லூரி நாளில் சென்னையில் என்சிசி குதிரைப் பிரிவில் இருந்தாராம். வந்த அன்று ஏறவே இல்லை. ஒரு மணி நேரம் என்னைத்தான் விசாரித்தார். எதற்கெல்லாம் மிரளும்? டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது? பல் எப்போது ராவினீர்கள்? வயிற்று வலி வந்திருக்கிறதா? ஏன் பங்குக்கு விடுகிறீர்கள், உண்மையான காரணம் என்ன? நான் மணல் கதையைச் சொன்னேன், ஜிகினாவையும் சேர்த்து. மறைத்து என்ன ஆகப் போகிறது. கேட்டுவிட்டு, "சேணத்த நீங்க போடுங்க சார், நான் பாக்கறேன்" என்றார்.

போட்டேன். பட்டையை இறுக்கும்போது பவானி மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்வாள், பழைய திருட்டுத்தனம். "ரெண்டு சுத்து நடக்க வெச்சுட்டு மறுபடி இறுக்கணும் இல்லையா?" என்று அவரே கேட்டார். எனக்கு அப்போதே பாதி மனசு வந்துவிட்டது. மீதிப் பாதி அடுத்த வாரம் அவர் ஓட்டி முடித்த பிறகு வந்தது.

அன்று ஓட்டியது இருபது நிமிடம். ஓட்டியதில் சொல்லும்படி ஒன்றுமில்லை, அமைதியாக ஓட்டினார். இறங்கியதும் பட்டையை இரண்டு ஓட்டை தளர்த்தினார். கால் வைக்கும் அங்கவடிகளை மேலே ஏற்றிச் சொருகினார். மூக்கு விடைப்பு அடங்குகிற வரை கையில் பிடித்து நடத்தினார். சேணத்தைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த இடம் முழுக்க உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார், எங்காவது சூடு தெரிகிறதா என்று. தண்ணீர் ஊற்றி வழித்துவிட்டார். நாலு குளம்பையும் கொக்கியால் சுரண்டினார். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்து, குழாயைத் திறந்துவிட்டார். நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். கல்லூரிப் பையன் வாரை என் கையில் திணித்தது அப்போது ஞாபகம் வந்தது. ஆள் பார்க்கிறவர்கள் ஓட்டுவதைப் பார்த்து மயங்க வேண்டாம், இறங்கிய பிறகு உள்ள நேரத்தைப் பாருங்கள்.

நாலு வாரம் சோதனைக் காலம் வைத்தோம். இரண்டு பேரில் யாருக்குப் பிடிக்கவில்லை என்றாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று. இது முக்கியம். சோதனைக் காலம் என்று பெயர் வைக்காவிட்டால் நம் ஊரில் முகதாட்சண்யத்துக்காகவே ஒரு வருஷம் இழுத்துவிடும்.

பிறகு முத்திரைத்தாளில் எழுதினோம். நான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். செவ்வாய், வியாழன், சனி அவர் நாள். அவர் மாதம் 4,000 ரூபாயும் லாடச் செலவில் பாதியும் தருவார். வைத்தியச் செலவு உடையவன் என்ற முறையில் என்னுடையது. அவர் தவிர வேறு யாரும் ஏறக்கூடாது, தம்பி மகன் ஊரிலிருந்து வந்திருந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் ஏறக்கூடாது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கக் கூடாது. ஊர்வலம், திருவிழா, ரேஸ் எதற்கும் கிடையாது. நிறுத்திக்கொள்ள ஒரு மாத முன்னறிவிப்பு. சேணம், கடிவாளம், பிரஷ் வரை ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடுத்துப் பட்டியல். பவானியின் நாலு பக்கமும் போட்டோ, உடம்பில் உள்ள பழைய தழும்புகளைக் குறித்து.

அவர் படித்துவிட்டு, ரெண்டு விஷயம் இல்லையே சார் என்றார். ஒன்று, நான் ஊரில் இல்லாதபோது பவானிக்கு ஏதாவது ஆனால் டாக்டரைக் கூப்பிட அவருக்கு அதிகாரம் உண்டா, எத்தனை ரூபாய் வரைக்கும் என்னைக் கேட்காமல் செலவு செய்யலாம்? 10,000 என்று எழுதினோம். இன்னொன்று: "ஆத்துல தண்ணி வந்தா யாரு அவுக்கறது? எங்க கொண்டு போறது?" 2021 வெள்ளத்தை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. லாயத்துச் சுவரில் படிந்திருந்த சேற்றுக் கோட்டைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். மேட்டுத் தெருவில் யார் வீட்டுக் காலிமனை, சாவி யாரிடம், அடுத்த வீட்டில் யாரை எழுப்புவது என்று எழுதிச் சேர்த்தோம்.

எல்லாம் சுமுகமாகப் போனது என்று சொன்னால் பொய். கொள்ளு விஷயத்தில் முட்டிக்கொண்டோம். ஓட்டாத நாளில் கொள்ளைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். குதிரைக்குக் கொள்ளு போடாமல் வேறென்ன போடுவது என்று எனக்குச் சுருக்கென்றது. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று எனக்கே பழமொழி சொல்லிக் காட்டி, "பவானி இப்ப ரெண்டாவது ரகம், ஆனா அதுக்குக் கொள்ளு வேலை செய்யணும்னா அது ஓடணும் சார்" என்றார். இரண்டு வாரம் முறுக்கிக்கொண்டு இருந்தேன். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு முறை தவறு அவர் பக்கம். மே மாதம் எட்டரை மணிக்கு ஓட்டக் கிளம்பினார், வங்கியில் ஆடிட் என்று தூங்க நேரமாகிவிட்டதாம். வேலூர் வெயிலில் ஏழுக்கு மேல் வேண்டாம் என்று தடுத்தேன். முகம் சுண்டிப்போய், சேணத்தை இறக்கிவைத்துவிட்டு லாயத்தைக் கழுவிவிட்டுப் போனார். அடுத்த முறை ஒப்பந்தத்தில் மணியையும் எழுதிவிட்டோம்.

தலையாட்டுகிற பழக்கம் முழுக்கப் போகவில்லை, வெகுவாகக் குறைந்திருக்கிறது. எனக்கு ஒரே ஒரு வயிற்றெரிச்சல். அவர் ஸ்கூட்டர் தோப்பு முனையில் திரும்பும்போதே பவானி கனைக்கிறாள். என் புல்லட் சத்தத்துக்கு ஒரு நாளும் கனைத்ததில்லை, இத்தனைக்கும் அது ஊருக்கே கேட்கும்.

லாயத்துத் தூணில் நூலில் கட்டி ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. யார் வந்தாலும் அதில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். போன சனிக்கிழமை அவர் எழுதியது இது:

"காலை 6.10. லத்தி சரி. பக்கெட் பார்த்தேன், மணல் இல்லை. இடது முன் குளம்பில் கல் இருந்தது, எடுத்துவிட்டேன், லேசாக நொண்டுகிறாள். ஏறவில்லை. நாற்பது நிமிடம் நிழலில் நடத்தினேன். உப்புக்கட்டி தீர்ந்துவிட்டது, இந்த முறை உங்கள் கணக்கு சார்."